நாறுது என்றொரு பொத்தான்

அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. கடைசியில் நான் திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவன். இணையதளம் கட்டும் வேலையில் பெரிய ஆள். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

எனக்கும் அதே வேலைதான். ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குப் பேப்பர் வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். அதன் இணையதளத்தைக் கட்டியது நான். அது படுத்துக்கொண்டால் எழுப்புவதும் நான். கம்ப்யூட்டர் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பதால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என் பெயரைத்தான் கத்துவார்கள். ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. அதற்காகத்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

சென்னையில் இந்த வேலை செய்கிறவர்கள் கூடும் இணையக் குழு அது. சனிக்கிழமை காலையில் ‘இந்த வாரம் சொந்தமா என்ன செஞ்சீங்க?’ என்று ஒரு இழை தொடங்கும். அலுவலகத்துக்காக இல்லாமல் ஆசைக்குச் செய்ததை ஒவ்வொருவரும் அதில் போட்டு யோசனை கேட்பார்கள். ஒருத்தர் தோசை மாவு எப்போது புளிக்கும் என்று சொல்கிற பக்கம் செய்திருப்பார். இன்னொருத்தர் வாடகை வீடு தேடும்போது கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு பக்கம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நமக்கு யோசனை கேட்பதற்கு முன்னால் மற்ற இரண்டு பேருக்காவது யோசனை சொல்லியிருக்க வேண்டும், பந்தியில் பரிமாறிவிட்டு உட்காருவது மாதிரி. நான் அதை ஒரு வாரம்கூட மீறியதில்லை. மாவு புளிக்கிற பக்கத்துக்கு மழைக்காலத்தையும் சேர்க்கச் சொன்னது நான்தான்.

அந்தக் குழுவை நடத்தியது அவன். எல்லோரும் அவனை ‘அண்ணா’ என்பார்கள். நானும் சொன்னேன்.

இனி என் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு திருவொற்றியூரில். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். தையல் மிஷின் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, வெளிச்சத்துக்காக. ஜன்னலை மூடினால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. திறந்தால் சில நாட்களில் கேஸ் நாத்தம் வரும். எங்கள் பக்கம் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சில நாள் அழுகிய முட்டை, சில நாள் மண்ணெண்ணெய், சில நாள் தொண்டையில் போய் உட்காருகிற ஏதோ ஒன்று. எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று கேட்டால் ஒவ்வொரு கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியைக் கை காட்டும்.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. அதோடு, இத்தனை வருடத்தில் மூக்கு பழகிப்போய் நாத்தமே தெரிவதில்லை. “மூக்கு செத்துப்போச்சுடி, நெஞ்சு மட்டும் உசுரோட கீது,” என்பாள். அதுதான் பிரச்சினை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள். அம்மா தைத்துக்கொண்டே இருப்பாள். நெஞ்சு அடைத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரியும்.

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நாத்தம் வடக்கிலிருந்து வரும். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் முதலில் அடிக்கும், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழித்து எங்கள் தெருவுக்கு வரும். அந்த இடைவெளிதான் என் பக்கம். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் சிலர் அம்மாவிடம் ஜாக்கெட் தைப்பவர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அவர்கள் போனில் பக்கத்தைத் திறந்து காட்டி, கெஞ்சி, டீ வாங்கிக் கொடுத்து, பொத்தானை அழுத்தப் பழக்கினேன். “இத்த அமுக்குனா இன்னா குடுப்பே?” என்று கேட்ட ஒரு அக்காதான் பிறகு எல்லோரையும்விட ஒழுங்காக அழுத்தினாள்.

மூன்றே பொத்தான்கள். ‘நல்லா கீது’, ‘நாறுது’, ‘தாங்கல’. யாராவது அழுத்தினால் வரைபடத்தில் அந்த இடம் நிறம் மாறும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். முகத்துவாரக்குப்பம் சிவந்தால் அம்மா ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். அந்த வாடைக்காற்றுக்கு அவளை ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எனக்கு அது போதும்.

அம்மாவுக்குப் போதவில்லை. “மிஷின் ஓட்டிகினே போனை எங்கடி பாத்துகினு கீறது? ஒரு மணி அடிக்கிற மாரி வையேன்,” என்று கேட்டாள். வைக்கிறேன் என்றேன். ஆறு மாதம் வைக்கிறேன் வைக்கிறேன் என்றே சொன்னேன். சிவப்பை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கலாமா, அம்புக்குறியை நீட்டலாமா என்று தேவையில்லாததையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை தைரியம் வந்து இழையில் போட்டேன். பக்கத்தின் முகவரி, அதை ஓட்டுகிற மொத்த நிரல், எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், தலைப்பில் இருக்கும் ‘இதைச் செய்தவர்’ என்ற வரியை மட்டும் நீக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. இந்த வேலையில் எல்லோரும் மதிக்கிற நிபந்தனை அது. மணி வைப்பதற்கு எது நல்ல வழி என்றும் கேட்டிருந்தேன்.

சிலர் திருவொற்றியூர் சிட்டிக்குள்ளேயா இருக்கிறது என்று கேட்டார்கள். அப்புறம் அண்ணன் வந்தான்.

‘முதல்ல பட்டன்ல இருக்கற பாஷையைக் கொஞ்சம் டீசன்ட் பண்ணுங்க. காமெடி சீன் மாதிரி இருக்கு. மணி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதையெல்லாம் யாரு சிஸ்டர் பார்க்கப் போறாங்க?’

அதற்குக் கீழே நிறையச் சிரிப்பு முகங்கள். எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு, என் அம்மா என்னைக் கொஞ்சியதும் திட்டியதும் அதில்தான். அதைப் பார்த்து முகம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். ‘நன்றி அண்ணா’ என்று நான் பதில் எழுதினேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் ராயபுரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தேன். நாத்தத் தகவல் எல்லாம் சேர்கிற இடம் அந்த சர்வர். யார், எந்தப் பக்கத்திலிருந்து வந்து தகவல் கேட்டாலும் அங்கே ஒரு வரி விழும். வழக்கத்தைவிட ஏகப்பட்ட வரிகள் விழுந்திருந்தன. முதலில் சந்தோஷப்பட்டேன், நம் பக்கம் பரவுகிறது என்று. பிறகுதான் பார்த்தேன், பாதிக்கு மேல் வந்தது என் பக்கத்திலிருந்து இல்லை. ஏதோ ஒரு புதுப் பக்கத்திலிருந்து.

திறந்தேன். என் வரைபடம். என் அம்புக்குறி. நான் நீட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்த அதே நீளம். பொத்தான்களில் மட்டும் ‘நார்மல்’, ‘மாடரேட்’, ‘சிவியர்’. என் வரி இருந்த இடத்தில் அவன் பெயரும் கைகட்டி நிற்கும் போட்டோவும். யாரோ ‘சிவியர்’ அழுத்தியிருந்தார்கள் போல, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணீர் என்று ஒரு மணி அடித்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா என்னிடம் கேட்ட மணி அது.

ஆனால் திருடனுக்கு ஒரு சோம்பேறித்தனம் இருந்தது. நிரலை அப்படியே எடுத்தவன், தகவலை எங்கே போய்க் கேட்பது என்று சொல்கிற அந்த ஒரு வரியை மாற்றவில்லை. காப்பி அடிக்கிறவன் பக்கத்துப் பையனின் ரோல் நம்பரையும் சேர்த்து எழுதின மாதிரி. மறந்திருக்கலாம். இல்லை, மாற்றினால் வரைபடம் காலியாகிவிடும் என்று தெரிந்தே விட்டிருக்கலாம், முகத்துவாரக்குப்பத்துக்குப் போய் யார் டீ வாங்கிக் கொடுப்பது? எப்படியிருந்தாலும் அவன் பக்கம் என் சர்வரில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன கொடுத்தாலும் அது காட்டும்.

குழுவில் புகார் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ‘ரெண்டு பேரும் தனியா பேசித் தீர்த்துக்கங்க’ என்பார்கள். தனியாகப் பேச எனக்கு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், அவனைப் பார்த்தும் எல்லோரும் சிரிக்க வேண்டும். பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை குழு நேரில் கூடுவதாகவும், அண்ணன் தன் புதுப் படைப்பைக் காட்டப்போவதாகவும் அறிவிப்பு வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. சாப்பிடும்போது அம்மா, “இப்பதான்டி வாட்டமா கீது,” என்றாள். நான் “ம்” என்றேன். எது அவளுக்கு வசதியாகிவிட்டது என்று கேட்கவில்லை. மனசுக்குள் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதியது ரொம்பச் சின்னது. என் போனில் எனக்கு மட்டும் ஒரு பொத்தான். அதை அழுத்தினால், அவன் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் என் சர்வர் நாத்தத்தின் அளவைச் சொல்லாது. அவன் எனக்குச் சொன்ன யோசனையைச் சொல்லும். என் பக்கத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன், என் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது என்று.

கூட்டம் தெற்கே, முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தில். கிளம்பும்போது அம்மா மிஷினில் இருந்தாள். பொங்கல் ஜாக்கெட்டுகள் நாற்காலி நிறையக் குவிந்திருந்தன. “ஜல்தி வந்துரு,” என்றாள் தலை நிமிராமல். மெட்ரோவில் ஏறி ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போனேன். வழி முழுக்க அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான மெட்ரோ பயணம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை.

நான்கு மணிக்கு அவன் மேடை ஏறினான்.

“ஒரு நாள் கார்ல எண்ணூர் பக்கம் போயிட்டிருந்தேன். ஒரே ஸ்மெல். கண்ணாடியை ஏத்திட்டு யோசிச்சேன், இங்க வாழற மக்களுக்கு நாம என்ன செய்யறோம்னு.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டானாம். எங்கள் ஊரின் மீது இரக்கப்பட அவனுக்கு ஏசி தேவைப்பட்டிருக்கிறது.

“இது எல்லாமே லைவ் டேட்டா,” என்று பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தான். நான் மடியில் இருந்த போனில் பொத்தானை அழுத்தினேன்.

எண்ணூர்: இதையெல்லாம் யாரு சிஸ்டர் பார்க்கப் போறாங்க? முகத்துவாரக்குப்பம்: இதையெல்லாம் யாரு சிஸ்டர் பார்க்கப் போறாங்க? திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், எல்லா இடத்திலும் அதே வரி, திரை முழுக்க.

அவன் சிரித்தான். “நெட் ப்ராப்ளம்,” என்றான். பக்கத்தை மறுபடி திறந்தான், அதே வரி. இன்னொரு முறை திறந்தான். முதல் வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் போனில் பழைய இழையைத் தேடி எடுத்து, அவன் யோசனையை முழுசாக, ‘டீசன்ட்’ முதல் ‘சிஸ்டர்’ வரை சத்தமாகப் படித்தார். அரங்கம் அதிர்ந்தது. அவன் காது சிவந்து, கழுத்து சிவந்து, கை மைக்கை விட்டுவிட்டு எதையோ தேடியது.

நான் எழுந்து நின்றேன். “அண்ணா, ஒரு யோசனை சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. காப்பி அடிச்சா அட்ரஸை மாத்தணும்.”

அவன் இறங்கிப் போனான். தன் பையைக்கூட எடுக்காமல் போனான். அந்தக் கண்ணாடிக் கதவு அவனுக்குத் திறக்காமல் இரண்டு நிமிடம் மல்லுக்கட்டியதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

அப்போதே பொத்தானை அணைத்திருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் அவன் தன் பக்கத்தைத் திறந்து பார்ப்பான், அப்போதும் அந்த வரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சமோசா கொடுத்தார்கள். அன்றைக்குச் சிரிப்பு முகம் போட்ட அதே ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். ‘நாறுது’ பட்டன் சூப்பர் என்றாள் ஒருத்தி. நடுவில் என் பக்கத்தைத் திறந்தேன். முகத்துவாரக்குப்பம் சிவந்திருந்தது. ‘தாங்கல’ என்று வரிசையாக அழுத்தியிருந்தார்கள். அம்புக்குறி எங்கள் தெருவைக் காட்டியது. பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது, அம்மா பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு இரண்டாவது சமோசா எடுத்தேன். அதுவும் நினைவிருக்கிறது.

முக்கால் மணி நேரம் கழித்து எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டாள். அவள் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

“பயப்படாத. அம்மாவுக்கு மூச்சு இழுத்துகிச்சு. நாங்க ஆட்டோல இட்டாந்துட்டோம். புகை மருந்து வெச்சுகீறாங்க. நீ மெதுவா வா.”

திரும்பிய மெட்ரோவில்தான் பொத்தானை அணைத்தேன்.

ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நான்கு கட்டில் உள்ள இடம். அம்மா முகத்தில் குழாய் வைத்த மூடியோடு உட்கார்ந்திருந்தாள். விரலில் இன்னும் தையல் உறை மாட்டியிருந்தது. உதடு நீலம் தெளிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அப்படியானால் நீலமாக இருந்திருக்கிறது.

“ஜன்னலை ஏன்மா சாத்தல? சிவப்பா காட்டுச்சே!” என்று கத்தினேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

எதிர்வீட்டு அக்கா இடையில் புகுந்தாள். “எங்க காட்டுச்சு? ரெண்டு வாரமா நல்லா மணி அடிச்சுகினு இருந்துச்சு. இன்னிக்கு அடிக்கவே இல்ல. தெருவுல பாதிப் பேரு தொறந்து போட்டுகினுதான் குந்தினு இருந்தோம்.”

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். அவனுடைய பக்கம். தெருப் பெண்களின் குழுவில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். அம்மாவும். அதே வரைபடம், அதே அம்புக்குறி, புதிதாக மணி. பெயரையும் போட்டோவையும் எங்கள் தெருவில் யார் பார்க்கிறார்கள்? நாத்தத்தின் அளவு எண்ணாக வந்தால்தான் அவன் மணி அடிக்கும். நான் அன்றைக்கு எண் கொடுக்கவில்லை.

முகத்து மூடியை எடுத்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டு, திரை, சிரிப்பு, கண்ணாடிக் கதவு, எதையும் விடவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு அப்ப?” என்று கேட்டாள்.

நான் செய்து காட்டினேன். அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனாள். அம்மாவும் சுலபத்தில் மன்னிக்கிறவள் இல்லை, எனக்கு அது அவளிடமிருந்து வந்ததுதான். “நல்லா வேணும் கம்னாட்டிக்கு,” என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்தாள். சாயங்காலம் திறந்த பக்கம் அப்படியே நின்றிருந்தது.

“மணி நீதான் வெச்சேன்னு நெனச்சேன்டி. எம்மா நாளா கேட்டுகினு கீறேன், பொங்கலுக்கு வெச்சுட்டா எம்பொண்ணுன்னு எதிர்வூட்ல கூட சொன்னேன்.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “இன்னிக்கு ரொம்ப நேரமா மணி அடிக்கலியேன்னு மிஷினை நிறுத்திட்டு எடுத்துப் பாத்தேன். இப்டி எழுதிகீது. யாரு பாக்கப் போறாங்கன்னு.”

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“நான் பாத்துகினுதானடி இருந்தேன்.”